டல்லாஸில் அப்பா... திருச்சியில் ஓ.டி.பி!

பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறும் பெற்றோர், விமானம் ஏறும் முன் வங்கியில் முடிக்க வேண்டிய வேலைகள்

இரவு 9 மணி. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேஜை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மகன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு அப்பா. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வாட்ஸ்அப் அழைப்பு. மறுமுனையில், திருச்சியில் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் மகன். அங்கே காலை 8.30.

``தம்பி, இப்பத்தான் அனுப்பச் சொல்லி அமுக்கியிருக்கோம். மெசேஜ் வந்துச்சா பாரு.''

``இன்னும் வரல மாமா.''

``நல்லாப் பாருப்பா. நம்ம பழைய போனைத்தானே பார்க்குற?''

``ஆங்... வந்துருச்சு. நாலு, ஏழு, ரெண்டு...''

மகன் எண்களைத் தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்கிறது திரை. மறுபடியும் முதலிலிருந்து. ``மாமா, காலேஜ் பஸ் வந்துரும். சாயந்திரம் பார்க்கலாமா?'' என்கிறான் பையன். திருச்சியில் சாயந்திரம் என்றால் டல்லாஸில் விடியற்காலை. சரி என்று போனை வைக்கிறார் பெரியவர்.

இத்தனை பாடும் எதற்கு? அவருடைய பென்ஷனை, அவருடைய கணக்கிலிருந்து, அவர் எடுப்பதற்கு!

ஊரும் வேலையும்தான் மாறும். டொரன்டோ, மெல்போர்ன், லண்டன், சிங்கப்பூர் என்று பிள்ளைகள் வசிக்கும் ஊர்களுக்குப் போய் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பெற்றோரின் வீடுகளில் இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. அரிசி டப்பாவுக்குள் வைத்த ஊறுகாய் பாட்டில் வரை யோசித்து பேக் செய்கிறவர்கள், வங்கிக் கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். `பணம் பத்திரமாத்தானே இருக்கு, எங்க போயிடப் போகுது?' என்ற நினைப்பு. பணம் எங்கும் போவதில்லைதான். ஆனால், உரியவர் கைக்கும் அது வருவதில்லை.

அந்தப் பணம் எவ்வளவு முக்கியம் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். 65 வயதைத் தாண்டி க்ரீன் கார்டில் அமெரிக்கா போகிறவர், அரசின் மெடிகேர் காப்பீட்டில் மாதாமாதம் பணம் கட்டிச் சேர்வதற்கே, அங்கே 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். கனடாவில் முதியோர் ஓய்வூதியம் கிடைக்க, பொதுவாக 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை பேத்திக்கு ஒரு பொம்மை வாங்குவதென்றாலும், பல் டாக்டருக்குக் கொடுப்பதென்றாலும் ஒன்று ஊர்ப் பணம் வர வேண்டும். இல்லையென்றால் மகனிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டும். மாதாமாதம் சம்பளம் வாங்கி வீட்டை நடத்தியவருக்கு அந்த இரண்டாவது வழி எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விருந்தாளியா, குடியேறியவரா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். பேரன் பிறந்திருக்கிறான் என்று விசிட்டர் விசாவில் 6 மாதம் போய்விட்டுத் திரும்புகிறவர்கள், சட்டத்தின் பார்வையில் இந்தியாவில் வசிப்பவர்கள்தான். அவர்கள் கணக்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. போனுக்கு ரோமிங் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

க்ரீன் கார்டோ, பி.ஆர் விசாவோ வாங்கி, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, `இனி அங்கேதான்' என்று போகிறவர்கள் கதை வேறு. ஃபெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், நாள்களை மட்டும் எண்ணுவதில்லை, எண்ணத்தையும் பார்க்கிறது. எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத நிலையில் வெளிநாட்டில் தங்கப் போகிறவர், கிளம்பியதிலிருந்தே `இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்' ஆகிவிடுகிறார். என்.ஆர்.ஐ என்றால் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் 70 வயது தாத்தாவும் என்.ஆர்.ஐ-தான்!

வருமான வரித்துறையின் கணக்கு இன்னொன்று. அவர்கள் நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்று பார்க்கிறார்கள். 182 நாள் என்பது எல்லோரும் அறிந்த எல்லை; அதற்குள்ளும் சில உட்பிரிவுகள் உண்டு. எனவே டிசம்பரில் குடியேறப் போகிறவர், வங்கிக்கு என்.ஆர்.ஐ-யாகவும், அந்த ஆண்டின் வரிக்கு இந்தியவாசியாகவும் இருக்கக்கூடும். குழப்பமாகத் தோன்றினாலும் தவறில்லை. இரண்டு சட்டங்கள், இரண்டு அளவுகோல்கள்.

குடியேறியவர் என்று ஆனதும், ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும். இந்தியாவில் வரும் வருமானமான பென்ஷன், வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி எல்லாம் வந்து சேரும் ரூபாய்க் கணக்கு இது. என்.ஆர்.இ என்று இன்னொன்று இருக்கிறது. அது முக்கியமாக வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இந்தியாவுக்கு அனுப்பி வைப்பதற்கானது. அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. பிள்ளைகளுக்கு என்.ஆர்.இ தேவைப்படும். பென்ஷன் வாங்கும் பெற்றோருக்கு முதலில் தேவை என்.ஆர்.ஓ.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? சட்டப்படி இது விதிமீறல். அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்காக ஒரு பென்ஷன்தாரரின் வீட்டுக் கதவை அமலாக்கத்துறை தட்டும் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. நடைமுறையில் வரும் தொல்லை வேறு. ஒருநாள் வங்கி கே.ஒய்.சி கேட்கும். முகவரி டல்லாஸ் என்றால் கணக்கு வகை பொருந்தாது. திருச்சி என்று சொன்னால் அது பொய். `வீடியோ காலில் முடித்துவிடலாமே' என்றால், ரிசர்வ் வங்கி விதிகளின்படி வீடியோ கே.ஒய்.சி-யின்போது வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் இணைப்பை வங்கியின் கணினி தடுத்துவிட வேண்டும். பொன்மலைக்காரர் மாட்டிக்கொண்டது இங்கேதான். வங்கி கேட்ட கே.ஒய்.சி-யைக் கொடுக்க முடியாமல் கணக்கிலிருந்து பணம் எடுப்பது நின்றுபோனது. பென்ஷன் மட்டும் மாதாமாதம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும் முன்பே செய்தால் இது அரை நாள் வேலை. கிளைக்குப் போய் விண்ணப்பம், பாஸ்போர்ட், விசா அல்லது க்ரீன் கார்டு நகல், வெளிநாட்டு முகவரிக்கான ஆதாரம், பான் கார்டு, போட்டோ கொடுத்தால் போதும். அங்கே போன பிறகு என்றால், ஒவ்வொரு நகலிலும் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ கையொப்பம் வாங்கி கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். சில வங்கிகளில் மாற்றும்போது கணக்கு எண்ணும் மாறும். அப்படியானால் பென்ஷன் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, அடுத்த மாத பென்ஷன் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டே கிளம்புவது நல்லது.

வட்டியில் விழும் வெட்டு

என்.ஆர்.ஓ ஆனதும் பெரியவர்கள் முதலில் அதிர்ச்சியடைவது வட்டியைப் பார்த்துத்தான். இந்தியாவில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு, ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டி.டி.எஸ்; அதுவும் 10%. என்.ஆர்.ஓ கணக்கில் முதல் ரூபாயிலிருந்தே 30%, அதன் மேல் 4% செஸ், ஆக 31.2%. சேமிப்புக் கணக்கின் வட்டிக்கும் இதே கதைதான். ஆண்டுதோறும் ஏப்ரலில் வங்கியில் வரிசையில் நின்று கொடுத்து வந்தார்களே, 15எச் என்று எல்லோரும் அறிந்த படிவம், அதை என்.ஆர்.ஐ-க்கள் கொடுக்க முடியாது. மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டியும் என்.ஆர்.ஓ, என்.ஆர்.இ டெபாசிட்டுகளுக்குக் கிடையாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. பி.பி.எஃப் கணக்கு இருந்தால் முதிர்வு வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 45,000 ரூபாய் பென்ஷன். ஆண்டுக்கு 5,40,000. வங்கியில் 10 லட்சம் டெபாசிட், 7% வட்டியில் ஆண்டுக்கு 70,000. திருச்சியிலேயே இருந்திருந்தால், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி இவருக்கு வரி பூஜ்ஜியம். காரணம், 12 லட்சம் வரை வரி இல்லாமல் ஆக்கும் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. டல்லாஸ் போய்விட்டவருக்கு, பென்ஷனில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக மொத்த வருமானம் 5,35,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 1,35,000-க்கு 5% என்றால் 6,750. செஸ் சேர்த்தால் 7,020 ரூபாய். ஆனால், வட்டியில் மட்டும் வங்கி பிடித்து வைத்திருப்பதோ 21,840!

கூடுதலாகப் பிடித்த இந்தப் பணம் போனது போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். `நமக்குத்தான் சம்பளம் இல்லையே, ரிட்டர்ன் எதற்கு?' என்று கேட்கிறவர்கள் இவர்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டே ஆன்லைனில் செய்யலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளோடு இந்தியா போட்டிருக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி வட்டிக்கான வரி பொதுவாக 15 சதவிகிதத்தைத் தாண்டாது. அதற்கு, அந்த நாட்டில் வரி கட்டுபவர் என்று அங்குள்ள வரித்துறை தரும் சான்றிதழை வாங்கி, இங்குள்ள வங்கியில் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும்.

பான் கார்டு விஷயத்தில் ஒரு சிறு கவனம். ஆதாரோடு இணைக்க வேண்டும் என்ற கட்டாயம் என்.ஆர்.ஐ-களுக்கு இல்லை. ஆனால், நீங்கள் என்.ஆர்.ஐ என்பது வருமான வரித்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! வரித்துறை இணையதளத்தில் அந்த விவரத்தை மாற்றாமல் விட்டால் பான் செயலிழந்து போகலாம். ஆதார் இருக்கிறவர்கள் இணைத்துவிட்டே கிளம்புவது எளிது.

ஊர்ப் பணத்தை அங்கே கொண்டுபோக முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும். பென்ஷன், வாடகை, வட்டி போன்ற நடப்பு வருமானத்தை வரி போக வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொள்ள உச்சவரம்பு இல்லை. வீடு விற்ற பணம், சேர்த்து வைத்த டெபாசிட் என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை. நம்மில் பெரும்பாலோர் அந்த எல்லையைத் தொடப் போவதில்லை என்பதால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். வரி கட்டியதற்கான ஆடிட்டர் சான்றிதழை வங்கி கேட்கும். ஊரில் தெரிந்த ஒரு ஆடிட்டரைப் பேசி வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

அந்தப் பழைய நம்பர்

வங்கிக்கு இன்று நீங்கள் என்றால் உங்கள் போன் நம்பர்தான். முகமோ, 30 வருடப் பழக்கமோ, பாஸ்புக்கோ அதற்கு ஈடாகாது. அந்த சிம் கார்டைத்தான் பலர் ஊரிலேயே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அதில் மூன்று ஆபத்துகள். ஒன்று, ஓ.டி.பி-யை இன்னொருவர் படித்துச் சொல்வது. மாடி வீட்டுப் பையன் தங்கமானவனாகவே இருக்கட்டும். அந்த போனை அவன் கையிலிருந்து யாராவது தட்டிப் பறித்தால்? ரகசிய எண்ணை அடுத்தவரிடம் கொடுத்ததால் பணம் போனது என்றால், வங்கியிடம் புகார் செய்வதற்கு முன்பு ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இரண்டு, ரீசார்ஜ் மறந்துபோவது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல், அதில் காசும் இல்லாமல் விட்டால் நம்பரை ரத்து செய்துவிடலாம். மூன்று, அப்படி ரத்தான நம்பர் கொஞ்ச காலம் கழித்து இன்னொருவருக்குப் போய்விடும். பிறகு உங்கள் கணக்கின் ஓ.டி.பி யாரோ ஒருவர் சட்டைப் பையில் மணியடிக்கும்.

சிம் உங்களோடு வர வேண்டும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கி, வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ் வருமா, அதற்கு எந்தத் திட்டம் வேண்டும் என்று போன் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் போனில் ஒன்று ஊர் சிம், இன்னொன்று அந்த நாட்டு சிம். ஊர் சிம்மில் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ரோமிங் பில் ஆளைத் தூக்கிவிடும். ரீசார்ஜ் தேதியை மகளோ மகனோ தங்கள் போனில் அலாரமாக வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட நிம்மதியான வழி, வெளிநாட்டு நம்பரையே வங்கியில் பதிவு செய்வது. என்.ஆர்.ஓ ஆன பிறகு பல வங்கிகள் இதை ஏற்கின்றன. சில வங்கிகள் ஓ.டி.பி-யை இமெயிலுக்கும் அனுப்புகின்றன. 2023 ஜனவரியில், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, ஓமன், கத்தார் ஆகிய 10 நாடுகளின் போன் நம்பர்களோடு என்.ஆர்.ஓ, என்.ஆர்.இ கணக்குகளை யு.பி.ஐ-யில் இணைக்க வழி செய்யப்பட்டது. டல்லாஸ் போன் நம்பரிலிருந்தே திருச்சி வீட்டுக்கு வரும் பிளம்பருக்கு யு.பி.ஐ-யில் பணம் அனுப்ப முடியும் என்பது பல பெரியவர்களுக்கு இன்னும் தெரியாது.

உயிரோடு இருக்கிறேன்!

ஆண்டுக்கு ஒருமுறை, `நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அரசுக்குச் சொல்ல வேண்டும். வேடிக்கையாகப் பேசிக்கொண்டாலும், வாழ்நாள் சான்றிதழ் எனும் லைஃப் சர்டிஃபிகேட் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பர் மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இ.பி.எஃப் பென்ஷன்காரர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் தரலாம்; கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். தமிழக அரசின் ஓய்வூதியர்கள் கருவூலத்தில் தங்களின் ஆண்டு நேர்காணல் எந்த மாதம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2014-ல் தொடங்கிய `ஜீவன் பிரமான்' மூலம் ஆதாரைக் கொண்டு டிஜிட்டலாகவே சான்றிதழ் கொடுக்கலாம். 2021-லிருந்து போன் கேமராவில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம். ஊருக்கு வரும் சமயம் நவம்பரில் அமைந்தால் இது எளிது. வெளிநாட்டில் இருக்கும்போது நம்பகமான வழி, இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டும் பென்ஷன் ஆணை நகலும் காட்டிக் கையொப்பம் வாங்கி வங்கிக்கு அனுப்புவது. தூதரகங்கள் பல ஊர்களில் நவம்பரில் இதற்கென்றே முகாம்களும் நடத்துகின்றன. ஒருவேளை தவறவிட்டு பென்ஷன் நின்றுவிட்டால் பதற வேண்டாம். சான்றிதழ் போய்ச் சேர்ந்ததும் நின்ற மாதங்களின் தொகையும் சேர்ந்து வரும்.

அம்மாவின் கையெழுத்து

இந்தக் கதையில் இதுவரை அப்பாவும் மகனும்தான் பேசினார்கள். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. உண்மையில் அதிகம் கவலைப்பட வேண்டியது அவருக்காகத்தான்.

பல வீடுகளில் கணக்கு அப்பாவின் பெயரில் மட்டும் இருக்கும். ஏ.டி.எம் பின் நம்பர் அவர் மனதில் இருக்கும். அம்மாவிடம் பான் கார்டுகூட இருக்காது. அப்பா வெளிநாட்டில் கண்மூடிவிட்டால், அம்மா அங்கிருந்துகொண்டு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்டு இறப்புச் சான்றிதழை `அப்போஸ்டில்' முத்திரையோடோ தூதரகச் சான்றோடோ அனுப்ப வேண்டும். துக்கத்துக்கு நடுவில் அடையாளச் சான்று, திருமணத்துக்கான ஆதாரம், புதுக் கணக்கு என்று ஓட வேண்டும். கணவரின் பென்ஷன் இறந்த பிறகும் ஓரிரு மாதம் கணக்கில் விழுந்து, அதைத் தெரியாமல் எடுத்துவிட்டால் திருப்பிக் கட்டவும் வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதியை ஒரு கையெழுத்து குறைத்துவிடும். பென்ஷன் கணக்கைக் கணவன்-மனைவி கூட்டுக் கணக்காக மாற்றினால், குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கில் தொடரலாம். மனைவி புதுக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. மனைவிக்கும் பான் கார்டு, பென்ஷன் ஆணையில் அவர் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்ற சோதனை, இரண்டையும் ஊரில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பென்ஷன் ஆணையில் `லட்சுமி', பாஸ்போர்ட்டில் `மகாலட்சுமி' என்றிருந்தால், திருச்சியில் ஒரு வாரத்தில் முடியும் வேலை டல்லாஸிலிருந்து ஒரு வருடம் இழுக்கும்.

நாமினி விஷயத்தில் 2025 நவம்பர் 1 முதல் ஒரு வசதி வந்திருக்கிறது. வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம். யாருக்கு எத்தனை சதவிகிதம் என்றும் குறிப்பிடலாம். 1990-களில் கணக்கு தொடங்கியபோது தன் அம்மாவை நாமினியாகப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் எத்தனையோ பேர்!

கையெழுத்து என்றதும் இன்னொன்று. 60 வயதில் போட்ட கையெழுத்தை 75 வயதில் நடுங்கும் விரல்களால் போட முடியாது. செக் திரும்பி வரும். அனுப்பிய விண்ணப்பமும் திரும்பி வரும். கிளம்பும் முன் வங்கியில் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுத்துவிட்டுப் போவதில் எந்த வெட்கமும் இல்லை.

ஊரில் இருக்கும் மகளையோ தம்பியையோ கணக்கில் சேர்க்க நினைத்தால், என்.ஆர்.ஓ கணக்கில் `முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் சேர்க்கலாம். முதலாமவர் இருக்கும்வரை கணக்கு அவர் கையில்தான். சொத்து வரி, இ.பி பில் கட்ட மட்டும் ஆள் வேண்டுமென்றால் வங்கியின் படிவத்திலேயே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அந்த அதிகாரம் பெற்றவர் உள்நாட்டுச் செலவுகளைச் செய்யலாம். உங்கள் பணத்தை யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. எல்லைகள் தெளிவாக இருப்பதால் உறவிலும் கசப்பு வருவதில்லை. வெளிநாடு போன பிறகு பத்திரம் எழுதினால் தூதரகச் சான்று, பிறகு இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் என்று வேலை நீளும்.

லாக்கரையும் மறக்க வேண்டாம். வாடகையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தாலும், 7 ஆண்டுகள் திறக்காமல் இருந்து, உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும் முடியவில்லை என்றால் வங்கி அதைத் திறக்கலாம். வங்கியில் இருப்பது பழைய முகவரியும் செத்துப்போன போன் நம்பரும் என்றால், அம்மாவின் ஒட்டியாணத்துக்கு வரும் நோட்டீஸ் யார் கைக்குப் போகும்? ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை திறந்து மூடிவிட்டு வருவது உத்தமம்.

அந்த நாட்டுக்கும் ஒரு கணக்கு

க்ரீன் கார்டு வாங்கியவர் அமெரிக்க வரித்துறைக்கு உலகம் முழுவதும் உள்ள வருமானத்தைச் சொல்ல வேண்டும். அதோடு, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்பும் சேர்ந்து ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் `எஃப்பார்' எனும் அறிக்கையைத் தனியே தாக்கல் செய்ய வேண்டும். டெபாசிட், சேமிப்பு எல்லாம் கூட்டினால் இந்த எல்லையைத் தாண்டுவது சுலபம். இதற்கு வரி எதுவும் இல்லை, வெறும் தகவல்தான். ஆனால், சொல்லாமல் விட்டால் அபராதம் டாலரில் ஆயிரக்கணக்கில் போகும்.

பலருக்கும் தெரியாத ஒன்று. பெற்றோர் ஊரிலேயே இருந்தாலும், `ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று அமெரிக்காவில் இருக்கும் மகனின் பெயரைத் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தால், ஒரு ரூபாய்கூட எடுக்காத அந்த மகனும் அந்தக் கணக்கை எஃப்பாரில் காட்ட வேண்டும். கனடாவிலும் 1 லட்சம் கனடிய டாலருக்கு மேல் வெளிநாட்டுச் சொத்து வைத்திருப்போருக்கு அறிக்கை உண்டு.

ஊரில் மூன்று, நான்கு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் ஒன்றிரண்டாகக் குறைத்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 2 ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கு செயல்படாத கணக்காகும். 10 ஆண்டுகள் ஆனால் அதிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் கேட்டால் கிடைக்கும். `உத்கம்' என்ற இணையதளத்தில் தேடியும் பார்க்கலாம். ஆனால், 80 வயதில் அந்தத் தேடல் யாருக்கு வேண்டும்?

பொன்மலைக்காரர் கடைசியில் மனைவியோடு ஊருக்கு வந்துதான் தீர்த்துக்கொண்டார். போக வர விமானக் கட்டணம் போனது. வங்கியில் இரண்டு முழு நாள்கள். கணக்கு என்.ஆர்.ஓ ஆனது, மனைவியின் பெயர் சேர்ந்தது, டல்லாஸ் நம்பர் பதிவானது. மாடி வீட்டில் கிடந்த பழைய போனையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, டல்லாஸில் அதே சாப்பாட்டு மேஜை. இந்த முறை போன் அம்மாவின் கையில். பேத்தி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஒரு விரலால் நிதானமாகத் தட்டுகிறார். திருச்சி வீட்டில் 20 வருடம் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பெண்ணுக்கு 1,000 ரூபாய். பின் நம்பர் போடும்போது மட்டும் பேத்தியை, ``நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ கண்ணு'' என்கிறார்.